கிட் கார் கட்ட வீட்டு கராஜ்ல குழி தோண்டணுமா?

நீங்க கேட்டது இது: இங்கிலாந்துல சொந்த வீடு, வீட்டோட ஒட்டின ஒத்த கராஜ், ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஐ டோனரா (எஞ்சின் மாதிரி பாகங்கள கழட்டி எடுத்துக்கிற காரா) வச்சு லோட்டஸ் செவன் டைப்ல (லேசான, திறந்த ரெண்டு சீட் கார்) ஒரு கிட் கார், அதாவது பாகங்களா வாங்கி வீட்டுலயே பூட்டுற கார், கட்டப்போறீங்க, அதுக்காக கராஜ் நடுவுல, காருக்கு அடியில நின்னு வேலை பாக்க, இன்ஸ்பெக்‌ஷன் குழி தோண்டலாமா, தோண்டினா எப்படி. நேரா சொல்லிடறேன், கார் கட்டுறதுக்கு குழி தேவையே இல்ல. கட்டி முடிச்ச பிறகு வருஷக்கணக்கா அந்த காரையும் வீட்டு காரையும் நீங்களே சர்வீஸ் பண்ணிக்கப்போறீங்கன்னா குழி ரொம்ப நல்ல விஷயம், ஆனா அப்படின்னா கிட் வந்து இறங்குறதுக்கு முன்னாடியே அத முடிச்சு காயவிட்டுடணும். பாதி கட்டின சேஸி நிக்கிற கராஜ்ல கான்கிரீட் உடைக்க ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டு வேலையும் கெடும், அந்த சிமெண்ட் தூசி பேரிங், மாஸ்டர் சிலிண்டர்னு எல்லாத்துக்குள்ளயும் போய் உக்காந்துக்கும்.

ஏன் தேவையில்லன்னா, செவன் டைப் காரோட சேஸி வெறும் ஸ்டீல் டியூப் கூண்டுதான், ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் புடிச்சா தூக்கிடலாம். அத இடுப்பு உயரத்துக்கு ரெண்டு உறுதியான டிரெஸ்டில் மேல வச்சிட்டீங்கன்னா பிரேக் பைப் ஓட்டுறது, பெட்ரோல் லைன், வயரிங், ஸ்டியரிங் ரேக், பெடல் பாக்ஸ், அலுமினிய பேனலுக்கு ரிவிட் அடிக்கிறதுன்னு முக்கால்வாசி வேலை நின்னுகிட்டே முடிஞ்சுடும். குழிக்குள்ள நின்னு அண்ணாந்து பாக்கிறத விட இது எவ்வளவோ மேல். எஞ்சின், கியர்பாக்ஸ் இறக்குற கட்டத்துல எஞ்சின் கிரேன் போதும், அதுக்கப்புறம் ஆக்ஸில் ஸ்டாண்ட்ல கொஞ்சம் தாழ்வா வச்சுக்கலாம்.

குழி உண்மையிலேயே கை கொடுக்கிற இடம் வேற. ரப்பர் புஷ் இருக்கிற விஷ்போன் (சக்கரத்த சேஸியோட இணைக்கிற சஸ்பென்ஷன் கை) போல்ட்டுகள, கார் தன் எடையில சக்கரத்து மேல நிக்கும்போதுதான் கடைசி டார்க் குடுக்கணும், சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போது இறுக்கினா கார் கீழ இறங்கினதும் அந்த புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும், ரைடு ஹைட்டும் பொய் காட்டும். டோ, கேம்பர் (சக்கரம் உள்ள வெளிய திரும்பியிருக்கிற, சாஞ்சிருக்கிற கோணங்கள்) அட்ஜஸ்ட் பண்றதும் அதே கதைதான், சக்கரத்துல லோடு இருக்கும்போதே பண்ணியாகணும். ஆக்ஸில் ஸ்டாண்ட்ல இது நடக்காது, குழியில நடக்கும். அதே மாதிரி டிஃப் (டிஃபரன்ஷியல்) ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் ரெண்டும் கார் மட்டமா நிக்கும்போதுதான் லெவல் பாக்கணும். குழி இல்லாதவங்க என்ன பண்றாங்கன்னா நாலு சக்கரத்துக்கு அடியிலயும் ஒரே உயரத்துல கெட்டியான மரக்கட்டைகள அடுக்கி, போல்ட் போட்டு இணைச்சு, அது மேல கார நிறுத்திக்கறாங்க. செவன் டைப் கார் பெரும்பாலும் 550லிருந்து 700 கிலோதான் வரும்ங்கறதால இது நல்லாவே வேலை செய்யுது.

இவ்வளவு சொல்லியும் குழிதான் வேணும்னா முதல்ல கராஜ அளங்க. இங்க பழைய ஒத்த கராஜ் பலதும் உள்ளுக்குள்ள சுமார் 2.4 மீட்டர் அகலம், 4.9 மீட்டர் நீளம்தான். உங்களது கொஞ்சம் தாராளம், 2.6 மீட்டர்னே வச்சுக்குவோம். குழியோட உள் அகலம் 0.8 மீட்டர், ரெண்டு பக்கமும் சுவர் 0.2 மீட்டர், ஆக தோண்டுற அகலம் 1.2 மீட்டர். மிச்சம் ஒவ்வொரு பக்கமும் 0.7 மீட்டர்தான். கராஜ் சுவரோட அஸ்திவாரம் பல இடத்துல அரை மீட்டர் ஆழத்துக்கு மேல போயிருக்காது. அஸ்திவாரத்தோட அடியிலிருந்து 45 டிகிரியில ஒரு கோடு கீழ இழுங்க, அந்த கோட்டுக்கு உள்ள இருக்கிற மண்ணுதான் சுவர தாங்குது. 0.7 மீட்டர் தள்ளி வர்றப்போ அந்தக் கோடு 1.2 மீட்டர் ஆழத்துலதான் இருக்கும், நீங்க தோண்டப்போறது கிட்டத்தட்ட 2 மீட்டர். அதாவது கடைசி 0.8 மீட்டர் தோண்டும்போது சுவர் உக்காந்திருக்கிற மண்ணையே பக்கவாட்டுல திறந்து விடுறீங்க. இது ஒட்டின கராஜ், மேல பெட்ரூம் இருந்தாலும் இருக்கும், அதனால ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருத்தர் வந்து பாத்து வரைஞ்சு குடுக்காம மண்வெட்டிய தொடாதீங்க. அவர் குடுக்கிற தீர்வு அனேகமா மொத்த நீளத்தையும் ஒரே அடியா தோண்டாம துண்டு துண்டா தோண்டி கான்கிரீட் போடுறதாவோ இல்ல குழியோட ஆழத்த குறைக்கிறதாவோதான் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் அடுத்தது. இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 1996 பார்ட்டி வால் சட்டப்படி, பக்கத்து கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள்ள அவங்க அஸ்திவாரத்த விட ஆழமா தோண்டினா நீங்க எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி. 6 மீட்டருக்குள்ளன்னா அவங்க அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து போற அந்த 45 டிகிரி கோட்ட உங்க குழி வெட்டுதான்னு பாக்கணும். செமி டிடாச்டு வீட்டு கராஜ்ல குழின்னா அனேகமா இது உங்களுக்கு பொருந்தும். கவுன்சிலோட பில்டிங் கன்ட்ரோலுக்கும் ஒரு போன் போட்டு கேட்டுக்குங்க, வீட்டு இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க. தரைக்கு அடியில கேஸ் பைப், தண்ணி மெயின், சாக்கடை, கரண்ட் கேபிள் எது போகுதுன்னு வரைபடம் வாங்கி பாக்காம ஸ்லாப் உடைக்கக்கூடாதுன்னு தனியா சொல்ல வேண்டியதில்லன்னு நினைக்கிறேன், ஆனாலும் சொல்றேன். டெவன், கார்ன்வால், டெர்பிஷர் பக்கம் இருக்கீங்கன்னா ரேடான் வாயுவையும் பாக்கணும், அது மண்ணுக்குள்ளிருந்து வந்து காத்தோட்டம் இல்லாத பள்ளத்துல தங்கிடும்.

இப்போ தண்ணி. குழி விஷயத்துல ஆளுங்க நொந்து போறது அதிகமும் இதுலதான். கோடையில தோண்டும்போது காய்ஞ்சு கிடக்கிற மண்ணு பிப்ரவரில நிலத்தடி நீர் மட்டம் ஏறினதும் குழிய குளமாக்கிடும். அதனால குளிர்காலத்துல வீட்டுக்கு வெளிய, கராஜ் பக்கத்துல ஒரு சோதனைக் குழி 2 மீட்டர் ஆழத்துக்கு ஆகர் (மண்ண துளைக்கிற கருவி) வச்சு போட்டு, தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு சில வாரம் கவனிங்க. 1 மீட்டர்லயே தண்ணி நிக்குதுன்னா அந்த எண்ணத்த விட்டுடறதுதான் நல்லதுன்னு என் கருத்து, கார தரையிலிருந்து தூக்குற சிசர் லிஃப்ட் பக்கம் போயிடுங்க. ஏன்னா தண்ணி கசியுறது ஒண்ணு, அது தூக்குற தூக்கு இன்னொண்ணு. வெளி அளவு 1 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் ஆழம் இருக்கிற ரெடிமேட் ஃபைபர் குழி சுமார் 6 கன மீட்டர் இடத்த அடைச்சுக்குது, சுத்தி முழுசா தண்ணி நின்னா 6 டன் விசையில மேல தள்ளும், காலியான ஃபைபர் தொட்டி படகு மாதிரி கிளம்பி வந்துடும். அதனாலதான் ரெடிமேட் குழிய இறக்கும்போது சுத்தி கான்கிரீட் ஊத்த ஊத்த உள்ளேயும் அதே மட்டத்துக்கு தண்ணி நிரப்பிகிட்டே வருவாங்க, மிதக்காம இருக்கவும் சுவர் உள்ள பிதுங்காம இருக்கவும். செங்கல், பிளாக் வச்சு கட்டுறதுன்னா அடியில மெம்பிரேன் (ஈரம் தடுக்கிற ஷீட்), பக்கத்துல டாங்கிங் (தண்ணி புகாத பூச்சு), அதுக்கு மேல வாட்டர்ப்ரூஃப் ரெண்டர்னு மூணு அடுக்கு வேணும், ஒரு மூலையில சின்ன சம்ப் (தண்ணி வந்து சேர்ற பள்ளம்) வேணும். பணம் இருந்தா ஒரே துண்டா வர்ற ரெடிமேட் குழிதான் என் சிபாரிசு, மூலை முடுக்குல ஜாயின்ட் இல்லாதது பெரிய நிம்மதி. சம்ப்ல சேர்ற தண்ணில ஆயில் கலந்திருக்கும், அத சாக்கடையில பம்ப் பண்ணி விடக்கூடாது, கேன்ல புடிச்சு கவுன்சில் ரீசைக்கிளிங் சென்டர்ல கேட்டுட்டு குடுக்கணும்.

மண்ணு எவ்வளவு வரும்னு பலர் யோசிக்கிறதே இல்ல. ரெடிமேட் குழிய இறக்கி சுத்தி கான்கிரீட் ஊத்த இடமும் சேத்து 1.5 அகலம், 4 நீளம், 2 ஆழம் தோண்டினா 12 கன மீட்டர், (மேல சொன்ன 1.2 அகலமே உங்க சுவருக்கு நெருக்கம்னா இது இன்னும் நெருக்கம், கவனிங்க) தோண்டினதும் மண்ணு உப்பி 15க்கு மேல போகும், எடை 20 டன் பக்கம். 8 யார்டு ஸ்கிப் ஒண்ணுல 6 கன மீட்டர்தான் கொள்ளும், ஆக மூணு ஸ்கிப். அதையெல்லாம் பக்கெட்ல அள்ளி கராஜ் வாசல் வழியா வெளிய கொண்டாரணும். தோண்டும்போது பக்கச் சுவருக்கு பலகையும் ஆக்ரோ ப்ராப்பும் (நீளத்த கூட்டிக் குறைக்கிற இரும்பு முட்டு) குடுத்து முட்டுக் குடுக்கணும், தனியா ஒருத்தர் உள்ள இறங்கவே கூடாது. ஒரு கன மீட்டர் மண்ணு ஒன்றரை டன்னுக்கு மேல, நெஞ்சு வரைக்கும் சரிஞ்சாலே மூச்சு விட முடியாம ஆள் போயிடுவார்.

ஆழம் உங்க உயரத்துக்கு ஏத்தது. உங்க உயரத்தோட ஒரு 5 சென்டிமீட்டர் கூட்டி, காரோட கிரவுண்ட் கிளியரன்ஸ கழிச்சுக்குங்க. 1.75 மீட்டர் ஆளுக்கு, 15 சென்டிமீட்டர் கிளியரன்ஸ் உள்ள காருக்கு 1.65 வரும். உள்ள ஒரு மரச்சட்ட மேடை போட்டா உயரம் குறைவானவங்களும் நிக்கலாம், காலும் ஈரத்துல படாது. அகலம் 0.8க்கு மேல போகாதீங்க, செவன் டைப் கார்ல ரெண்டு டயருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி 1.1 மீட்டர் அளவுக்குத்தான், ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கை திருப்பம் தப்பினா சக்கரம் உள்ள. குழி விளிம்புல ரெண்டு பக்கமும் ஆங்கிள் அயர்ன் கொஞ்சம் மேல தூக்கி நிக்கிற மாதிரி பதிச்சா சக்கரத்துக்கு வழிகாட்டும், அதோட உள்பக்க விளிம்புலயே மூடு பலகை உக்கார காடி விட்டுடலாம். வேலை இல்லாத நேரம் எல்லாம் பலகை மூடியே இருக்கணும், வீட்டுல குழந்தைங்க இருந்தா இதுல சமரசமே கிடையாது. படி ஒரு கோடியில, இன்னொரு கோடியில கைப்பிடி ஏணி, எந்தப் பக்கம் கார் நின்னாலும் ஒரு பக்கம் திறந்திருக்கணும். தீ பிடிச்சா கார் குழிய முழுசா மூடிகிட்டு நிக்கக்கூடாது.

தீன்னு சொன்னதால இத கொஞ்சம் நிதானமா படிங்க. நம்ம ஊர்ல லாரி பட்டறைல குழிய பாத்து வளந்தவங்களுக்கு குழின்னா பயம் இருக்காது, எனக்கும் அந்த குழிகள் மேல பிரியம் உண்டு. ஆனா அது மேல ஷீட் போட்ட திறந்த கொட்டகை, காத்து நாலு பக்கமும் போகும், வேலை பாக்கிறது டீசல் வண்டி, டீசல் பத்திக்கிற ஆவிய குடுக்கணும்னா பெட்ரோல விட ரொம்ப சூடாகணும். இங்க நீங்க வச்சிருக்கிறது குளிருக்கு கதவ சாத்தின மூடிய கராஜ், வேலை பாக்கிறது பெட்ரோல் கார். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலயே பத்திக்கிற அளவு ஆவிய விடும், அதனால ஜனவரி குளிர் உங்கள காப்பாத்தாது. அந்த ஆவி காத்த விட மூணு நாலு மடங்கு கனம், தரையோட ஊர்ந்து வந்து குழிக்குள்ள இறங்கி அங்கேயே தங்கிடும். காத்துல ஒன்றரை சதவீதம் கூட வேண்டாம், பத்திக்கும். 0.8க்கு 3க்கு 1.6 மீட்டர் குழியோட கொள்ளளவு 4 கன மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி, அத முழுசா பத்திக்கிற கலவையாக்க கால் லிட்டர் பெட்ரோல் ஆவியானா போதும். ஃபில்டர் மாத்தும்போது ஹோஸ்லேந்து சிந்துறது, டேங்க் கழட்டும்போது வழியறது எல்லாம் சேந்தா அந்த அளவு சாதாரணமா வந்துடும். எம்எக்ஸ்-5 டேங்க் 45 லிட்டர் அளவுக்கு புடிக்கும், டோனர் கார கராஜுக்குள்ள கொண்டு வர்றதுக்கு முன்னாடியே வெளியில திறந்த இடத்துல முழுசா வடிச்சிடுங்க. பெட்ரோல் சிஸ்டத்துல கை வைக்கிற எந்த வேலையும் குழி மேல வேண்டாம்.

இங்க பல வீட்டுல கராஜ்லதான் கேஸ் பாய்லர், ஃப்ரீசர், டிரையர் எல்லாம் இருக்கும், ஒவ்வொண்ணும் பொறி விடுற சாமான். பாய்லர் இருக்கிற கராஜ்ல பெட்ரோல் கார் குழி வேண்டாங்கறது என் உறுதியான நிலைப்பாடு, முதல்ல பாய்லர இடம் மாத்துங்க. குழிக்குள்ள பிளக் பாயின்ட் வைக்காதீங்க. விளக்கு 12 வோல்ட்னா ஷாக் அடிக்காது, சரி, ஆனா குறைஞ்ச வோல்டேஜ்ங்கறதால பொறி வராதுன்னு இல்ல, தண்ணி புகாத விளக்கும் ஆவி புகாத விளக்கும் ஒண்ணு இல்ல. குழிக்குன்னே செஞ்ச சீல் பண்ண விளக்கு வாங்குங்க, சுவிட்ச கராஜ் வாசல் பக்கம் உயரத்துல வைங்க. காத்த இழுக்கிற டக்ட் குழியோட அடித்தட்டிலிருந்து கிளம்பணும், மேலிருந்து இழுத்தா கனமான ஆவி அப்படியே கிடக்கும், ஃபேன் மோட்டார் அந்த ஆவி போற பாதையில இருக்கக்கூடாது.

பெட்ரோல் பத்தி எல்லாரும் சொல்வாங்க, இன்னொண்ண சொல்ல மறந்துடுவாங்க: மிக் வெல்டிங் பண்ணும்போது விடுற ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் காத்த விட கனம். கராஜ்ல மணிக்கணக்கா பிராக்கெட் வெல்டு பண்ணிட்டு, கதவு சாத்தியிருக்க, நேரா குழிக்குள்ள இறங்கினா உள்ள ஆக்சிஜன் குறைஞ்சிருக்கலாம், அதுக்கு வாசனையும் கிடையாது. ஃபேன் ஓடவிட்டு, கதவ திறந்து வச்சு, அப்புறம் இறங்குங்க. எஞ்சின ஓடவிட்டுட்டு குழிக்குள்ள நிக்கிறதும் கிடையவே கிடையாது, கார்பன் மோனாக்சைடும் சத்தமில்லாத ஆள்.

இனி காருக்கு வர்றேன். 1957ல லோட்டஸ் செவன் வந்தப்போ கிட்டா வித்ததுக்கு காரணமே வரிதான், முழு காருக்கு பர்ச்சேஸ் டாக்ஸ் உண்டு, பிரிச்சு பாகமா வித்தா கிடையாது. 1973ல வாட் வந்ததும் அந்த சலுகை போச்சு, அதே வருஷம்தான் செவன் தயாரிக்கிற உரிமை கேட்டர்ஹாமுக்கு போச்சு. வரி போனாலும் பழக்கம் போகல, இன்னைக்கும் ஒரு சாதாரண ஆள் வீட்டுல கட்டின கார ரோட்டுல சட்டப்படி ஓட்ட முடியுற நாடு இது, அத நான் பெரிய கொடுப்பினையாவே நினைக்கிறேன்.

எம்எக்ஸ்-5 அருமையான டோனர். முன் எஞ்சின், பின் சக்கரம், நாலு மூலையிலயும் டபுள் விஷ்போன், எல்லாமே கைக்கு அடங்குற எடை. கதவுக்கு அடியில ஓடுற சில்லும் வீல் ஆர்ச்சும் துருவால போனதா இருந்தா விலை இறங்கும், நமக்கு பாடி தேவையில்ல, அதனால லாபம். ஆனா எம்ஓடி (வருஷாந்திர சோதனை சர்டிஃபிகேட்) இருக்கிற, ஓடுற கார வாங்குங்க, ஓட்டிப் பாத்து கியர் செகண்ட்ல கரகரன்னு விழுதா, டிஃப் உறுமுதா, கம்ப்ரஷன் எவ்வளவுன்னு பாத்துட்டு அப்புறம் பிரிங்க. சீட், ஹார்ட்டாப், கதவு எல்லாம் வித்தீங்கன்னா வாங்கின காசுல கணிசமா திரும்பி வரும். எக்ஸோசெட் மாதிரி கிட்ல பழைய சப்ஃபிரேம், எஞ்சினையும் டிஃபையும் இணைக்கிற அந்த நீள ஃபிரேம், வயரிங் எல்லாத்தையும் அப்படியே வச்சு பாடிய மட்டும் தூக்கிட்டு புது கூண்ட இறக்குவாங்க, முதல் முறை கட்டுறவங்களுக்கு அது சுலபம். செவன் டைப்ல வேலை அதிகம், வயரிங்க பிரிச்சு ஏர்பேக், பவர் விண்டோன்னு தேவையில்லாதத உருவி எடுக்கிறதே தனி வேலை. அதுல கவனிக்க வேண்டியது எர்த், பவுடர் கோட் பண்ண சேஸில கோட்டிங்க சுரண்டி வெறும் உலோகம் தெரியுற இடத்துல எர்த் குடுக்கலன்னா கார் ஸ்டார்ட் ஆகாததுக்கு காரணம் தேடித்தேடி களைச்சுப் போவீங்க. பிரேக் பைப்புக்கு காப்பர் நிக்கல் பைப் வாங்குங்க, நல்ல ஃபிளேர் டூலுக்கு காச பாக்காதீங்க.

கட்டி முடிச்சதும் ஐவிஏ டெஸ்ட், இப்படி தனியா கட்டின கார ரோட்டுல விடுறதுக்கு முன்னாடி பண்ற சோதனை. 2009ல பழைய எஸ்விஏக்கு பதிலா வந்தது, டிவிஎஸ்ஏங்கற அரசு அமைப்பு நடத்துறது, கட்டும்போதே அதோட மேனுவல பக்கத்துல வச்சுகிட்டு கட்டணும். வெளிப்பக்கம் 100 மில்லிமீட்டர் பந்து தொடுற எந்த விளிம்பும் குறைஞ்சது 2.5 மில்லிமீட்டர் ரேடியஸ் இருக்கணும், அதனால சஸ்பென்ஷன் போல்ட் எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் மூடி. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்த விட கம்மியா ஒரு தடவை கூட காட்டக்கூடாது, கூட காட்டலாம், உண்மையில 50 மைல்னா 61.25 வரைக்கும். டயர் சைஸ் மாத்தினா ஸ்பீடோ மாறும், மறக்காதீங்க. பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முந்தி லாக் ஆகக்கூடாது. ரொம்ப பேர் தோக்குற இடம் ஸ்டியரிங் தானா நேராகுறது, கார் லேசா இருக்கறதால கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சோட முன்பின் சாய்வு) போதாம ஸ்டியரிங் திருப்பின இடத்துலயே நின்னுடும், கேஸ்டர கூட்டி, டயர் பிரஷர மாத்தி, டோவ கொஞ்சம் வெளிப்பக்கம் வச்சுதான் சரி பண்றாங்க. இந்த மாதிரி கடைசி நேர அட்ஜஸ்ட்மென்ட் வரும்போதுதான், ஏற்கனவே ஒழுங்கா கட்டின குழி இருந்தா அரை நாள் வேலை அரை மணில முடியும்.

பேப்பர் விஷயத்துல முதல் நாளிலிருந்து கறாரா இருங்க. டோனரோட வி5சி (வண்டிப் பதிவுச் சான்று) உங்க பேருக்கு மாறணும், எஞ்சின் நம்பர், சேஸி நம்பர் போட்டோ, கிட் ரசீது, ஒவ்வொரு நட்டு போல்ட் வாங்கின பில், நீங்களே கட்டுறது தெரியுற மாதிரி தேதியோட போட்டோ எல்லாம் ஒரு ஃபைல்ல போகணும். அமெச்சூர் பில்டுன்னு ஐவிஏல ஒத்துக்கவும், வண்டிப் பதிவு பண்ற டிவிஎல்ஏவோட வி627/1 ஃபார்ம் பூர்த்தி பண்ணவும் அதெல்லாம் கேப்பாங்க. எந்த பாகம் எங்கிருந்து வந்ததுன்னு காட்ட முடியலன்னா வயசு, பூர்வீகம் தெரியாத வண்டிக்கு குடுக்கிற க்யூ நம்பர் பிளேட் குடுத்துடுவாங்க, ஓட்டுறதுக்கு அதுல ஒரு தடையும் இல்ல, விக்கும்போது விலை அடிபடும்.